இரவு இரண்டு மணிக்கு விடுதிக் கதவை யார் திறப்பது?

மைசூரில் வாழும் நம் தமிழன்பர்களில் மாதேஸ்வரன் மலைக்கு ஒரு முறையேனும் போகாதவர் குறைவு. சிவராத்திரிக்கும் யுகாதிக்கும் தீபாவளிக்கும் அங்கே கூடும் கூட்டத்தில் கன்னடமும் தமிழும் கலந்துதான் காதில் விழும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மலை இருக்கும் பழைய கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் வரையில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாநிலப் பிரிவினையில் மைசூருக்கு வந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் போய்விட்டது. மாவட்டம் மாறினாலும் மலைக்காரர்களுக்குப் பெரிய ஊர் என்றால் இன்றைக்கும் மைசூர்தான். பெரிய வியாதிக்கும் இங்கேதான், பெரிய படிப்புக்கும் இங்கேதான்.

இந்தக் கட்டுரை அந்தப் படிப்பைப் பற்றியது. சரியாகச் சொன்னால், படிக்க வந்த இடத்தில் பிள்ளைகளின் உடம்பையும் மனதையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது.

கோபிநத்தம், பாலாறு பக்கத்து ஊர்களில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. ஒரு காலத்தில் கோபிநத்தம் என்ற பெயர் ஒரே ஒரு மனிதனுக்காகவே செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது. இப்போது அந்த ஊர்களிலிருந்தும், சோலிகர் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் பி.காம்., நர்சிங், டிப்ளமா என்று கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் வருகிறார்கள். பலர் அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மலைக்கும் மைசூருக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். அதில் தாளபெட்டா தாண்டியபின் வரும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை அறியாதவர் இல்லை. மாலையில் கடைசி பஸ் போய்விட்டால், மைசூர் விடுதியில் மகனுக்கு என்ன ஆனாலும் தகப்பன் விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். மைசூர் கோட்டம் தென்னக ரயில்வேயில் இருந்த நாளிலும், 2003இல் தென்மேற்கு ரயில்வே வந்த பிறகும், சிக்னல் பிரிவிலேயே காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றேன். சிக்னல்காரனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எது நன்றாக வேலை செய்கிறது என்பதைவிட, அது கெட்டுப்போகும்போது எந்தப் பக்கம் விழும் என்றுதான் முதலில் பார்ப்பான். பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். கம்பி அறுந்தால் கை தானாக 'அபாயம்' நிலைக்குத் திரும்பிவிடும். அதற்கென்றே ஒரு எடையைத் தொங்கவிட்டிருப்போம். வண்டி நிற்கும், டிரைவர் திட்டுவார், ஆனால் உயிர் போகாது. அதேபோல மருத்துவ நிவாரண வண்டிக்கு உத்தரவு வந்தால் 15, 20 நிமிடத்துக்குள் அது நகர்ந்தாக வேண்டும். நிஜ விபத்து இல்லாத நாளிலும் ஒத்திகைக்காகச் சங்கு ஊதுவார்கள். தூக்கத்திலிருந்து ஓடிய அனுபவம் எனக்கும் உண்டு.

கல்லூரிகளை இந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்கியது ஒரு காய்ச்சலால். மலைப்பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு விவசாயியின் மகன் மைசூரில் ஒரு தனியார் விடுதியில் தங்கிப் படித்தான். மழைக்காலம், டெங்கு பரவிய நேரம். மூன்று நாள் காய்ச்சலை மாத்திரையில் ஓட்டியிருக்கிறான். நான்காம் நாள் இரவு வாந்தி, வயிற்று வலி, மயக்கம். வார்டன் கையெழுத்தில்லாமல் கேட்டைத் திறக்கமாட்டேன் என்று காவலாளி நின்றுவிட்டார். வார்டனின் போன் அணைந்திருந்தது. அறைத்தோழர்கள் தகப்பனைக் கூப்பிட, அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், இந்நேரத்துக்கு எனக்கு வண்டி கிடையாதுங்க. நீங்கதானுங்க போய்ப் பாக்கோணும்" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது அவரால்.

ஆட்டோ பிடித்துப் போனேன். என் நரைத்த தலையைப் பார்த்தோ, பழைய ரயில்வே அடையாள அட்டையைப் பார்த்தோ, காவலாளி கதவைத் திறந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கொடுத்த உத்தரவு அப்படி. பையன் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்துக்கொண்டான். ஆனால் கம்பி அறுந்தபோது அந்த விடுதியின் கை எந்தப் பக்கம் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தக் கதவு பூட்டிய பக்கமே நின்றது. டெங்குவில் காய்ச்சல் தணியும் சமயத்தில்தான் ஆபத்து வரும். விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறில் ரத்தம் என்று கண்டால் அந்த இரவே போக வேண்டும், காலை வரை தாங்காது. இது வார்டனுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, வாசலில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும்.

பிறகு அந்த விடுதி அறிவிப்புப் பலகையில் 'அவசர உதவி' என்று போட்டிருந்த எண்ணை ஒரு வாரம் கழித்து இரவு பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து அழைத்துப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிக்னல்காரனின் கெட்ட பழக்கம், சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

தூரம் என்றால் என்ன என்பதை மலைப்பக்கத்து மக்கள் 2018 டிசம்பர் 14 அன்று கண்டார்கள். ஹனூர் தாலுகா சுள்வாடியில் மாரம்மன் கோயில் பிரசாதத்தில் பூச்சிமருந்து கலக்கப்பட்டிருந்தது. 17 பேர் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் நம் மொழி பேசுவோர் நிறைய. அந்த வகை விஷத்துக்கு அட்ரோபின் ஊசி உடனே வேண்டும், மூச்சு நின்றால் வென்டிலேட்டர் வேண்டும். ஊசி சிறிய ஊரில் கிடைக்கலாம். வென்டிலேட்டர்கள் வேண்டிய அளவுக்கு மைசூரில்தான் இருந்தன, நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆம்புலன்ஸ் ஆம்புலன்ஸாகக் கொள்ளேகால் வழியாக இங்கே கொண்டுவந்து பல மருத்துவமனைகளில் பிரித்துச் சேர்த்தார்கள்.

அது குற்றம், விபத்து அல்ல. ஆனாலும் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே அண்டாவில் சமைக்கும் எந்த இடத்துக்கும் அதில் பாடம் இருக்கிறது. கல்லூரி விடுதியின் சமையற்கட்டும் 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதுதான், பதிவோ உரிமமோ வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது வகுப்பறையின் ஏசியைக் காட்டுவார்கள். நீங்கள் சமையற்கட்டைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு வேளை உணவிலும் ஒரு மாதிரியை எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். நாலு பேருக்கு வயிறு கெட்டால் காரணம் தெரிய அது ஒன்றுதான் வழி.

பாம்புக்கடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று மாணவர்களைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தரையில் படுக்க வைக்கிறார்கள். கட்டுவிரியன் இரவில், தூங்குகிறவரைக் கடிக்கும். பல சமயம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். முகாமுக்குக் கிளம்பும் முன்பே அந்த மருத்துவமனை எது என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். 2024இல் கர்நாடக அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அதன்பிறகு மருத்துவமனைகள் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நல்ல காரியம்.

ராகிங் என்ற சொல்லைக் கேட்டால் என் வயதுக்காரர்களுக்கு நாவரசு என்ற பெயர்தான் நினைவுக்கு வரும். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன என்று அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் பேசினார்கள். தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஆர்.கே. ராகவன் தலைமையில் குழு அமைந்து 2007இல் அறிக்கை தந்தது. 2009இல் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் இறந்த பிறகே பல்கலைக்கழக மானியக் குழுவின் கடுமையான விதிகளும், 1800-180-5522 என்ற இருபத்துநாலு மணி நேர எண்ணும் வந்தன. வருடா வருடம் நீங்களும் பிள்ளையும் கையெழுத்துப் போடும் உறுதிமொழிப் பத்திரம் அந்த விதியில் வந்ததுதான். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அதில் உங்கள் உரிமையும் எழுதியிருக்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மைசூர் பட்டது உங்களுக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் சாமுண்டி மலை அடிவாரத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையும், கைதானவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் என்று செய்தி வந்தபோது நம்மவர் பலர் தலை குனிந்ததும் மறக்கக் கூடியதா? அடுத்த சில நாட்களில் மைசூர்ப் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. மாலை ஆறரைக்குப் பிறகு மாணவிகள் மானசகங்கோத்ரி வளாகத்தில் தனியாக நடமாடக் கூடாது என்று. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தண்டவாளத்தில் பழுது என்றால் பழுதைத்தான் சரிசெய்ய வேண்டும், பிரயாணியை வீட்டிலேயே இருக்கச் சொல்வது ரயில்வே அல்ல. விளக்குக் கம்பங்கள், நூலகத்திலிருந்து விடுதிக்கு ஒரு வண்டி, ரோந்து, மாணவர் பிரதிநிதிகளும் உள்ள புகார்க் குழு இவைதான் வேலை. அந்தக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்பது 2015ஆம் வருட விதி.

எல்லாவற்றையும் விடக் கடினமானது மனம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கல்லூரியில் திடீரென்று ஆங்கிலம். முதல் பருவத்தில் மூன்று பாடத்தில் தோற்றுவிட்டு, வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணத்தை நினைத்து ஊருக்குப் போகவே வெட்கப்படும் பையனை நானே பார்த்திருக்கிறேன். அவனிடம் 'கவுன்சலரைப் பார்' என்றால், எந்த மொழியில் அழுவது என்பதே அவன் கேள்வி. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை இந்த விஷயத்தில் மெச்ச வேண்டும். எண் 14416. காசு கிடையாது, இரவும் உண்டு, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். நம் பெங்களூர் நிமான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களுக்குப் பதினைந்து வழிகாட்டுதல்கள் தந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த 17 வயதுப் பெண்ணின் மரணம் பற்றிய வழக்கு அது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் வேண்டும். உதவி எண்களை விடுதியில் கண்ணில் படும்படி எழுத வேண்டும். ஊழியர்களுக்கு வருடம் இரண்டு முறை பயிற்சி வேண்டும். விடுதி மின்விசிறிகளைக்கூட பாதுகாப்பான வகையாக மாற்றச் சொன்னார்கள். 'ஃபேனை மாற்றினால் மனசு மாறுமா?' என்று ஒரு நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான், அது கடந்தால் பிள்ளை பிழைத்துவிடும். பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1995இல் மோனோகுரோட்டோபாஸ் போன்ற கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள், பின்னால் மேலும் சிலவற்றைத் தடுத்தார்கள். இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அங்கே யாருடைய துயரத்தையும் சட்டத்தால் குறைத்துவிடவில்லை, விஷம் கைக்கெட்டாமல் போனது, அவ்வளவே. அடிபட்டாலும் ஆபத்தில்லாத பக்கம் விழவேண்டும் என்கிறேனே, அது இதுதான்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மதிப்பெண் குறைந்தால் வீட்டுக்கு வா என்று வாயால் சொல்லிவைப்பது. மலைக்காரத் தகப்பனுக்கு ஆங்கிலம் வேண்டாம், இது போதும்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. விடுதிப் படிவத்தில் 'உள்ளூர்க் காப்பாளர்' என்று ஒரு கட்டம் இருக்கும். மலையிலிருந்து வரும் பிள்ளைகள் அதைக் காலியாக விடுகிறார்கள், அல்லது பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் பெயரை எழுதுகிறார்கள். மைசூரில் என்னைப்போல் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். பேட்டை வாரியாக இரண்டிரண்டு பேர், தமிழும் கன்னடமும் தெரிந்தவர்கள், இரவில் போனை அணைக்காதவர்கள், பெயர் கொடுத்தால் அந்தக் கட்டத்தை நிரப்பலாம். பெண் பிள்ளைகளுக்கு அம்மாமார் யாராவது முன்வர வேண்டும். செலவு ஒன்றும் பெரிதில்லை, ஆட்டோ சத்தம்தான். 108க்கும் 112க்கும் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், ஆனால் வண்டி வந்து நின்ற பிறகு பையனோடு ஏறிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம். அசோகபுரம், குவெம்பு நகர்ப் பக்கம் என் பொறுப்பு.