பல தாள்களில் ஒரு மின்சுற்று

1970-களில் சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, தோட்டத்துப் பெண்கள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் மின்சுற்றுகளைக் கணினியில் வரையக் கற்கிறார்கள். அந்தப் படங்களைப் படிக்கும் முறையை இன்று பார்ப்போம்.

வானொலிப் பெட்டி ஒன்றின் மின்சுற்றை ஒரே தாளில் வரைந்தால் கோடுகள் சிக்கிய நூலாகிவிடும். ஆகையால் மின்சாரம் வழங்கும் பகுதிக்கு ஒரு தாள், அலை வாங்கும் பகுதிக்கு ஒரு தாள், ஒலிபெருக்கும் பகுதிக்கு ஒரு தாள் எனப் பிரிக்கிறார்கள். இப்படி வரைய உதவும் மென்பொருள்களுள் ஒன்று கீகேட். 1992-இல் பிரான்சு நாட்டில் தொடங்கப்பட்ட இதை இன்றும் இலவசமாகப் பெறலாம்.

இதில் முதல் தாள் ஒரு பொருளடக்கம் போன்றது. அதிலுள்ள ஒவ்வொரு பெட்டியும் ஒரு தாளைக் குறிக்கும். பெட்டியை இருமுறை சொடுக்கினால் அந்தத் தாளுக்குள் போகலாம். எல்லாத் தாள்களின் பெயர்களும் பக்கத்தில் ஒரு பட்டியலாக நிற்கும். வேண்டியதைத் தொட்டால் போதும். பேஜ் டவுன் விசை அடுத்த தாளுக்கும், பேஜ் அப் விசை முந்தைய தாளுக்கும் கொண்டுபோகும்.

தாளின் ஓரத்தில் கோடு நின்றுவிட்டால் கம்பி அறுந்தது என்று எண்ணக் கூடாது. கோட்டின் முனையிலுள்ள பெயரைப் பாருங்கள். கொமுட்டர் ரயில் படத்திலும் எல்.ஆர்.டி. படத்திலும் கே.எல். சென்ட்ரல் என்ற பெயர் இருக்கிறது. இரண்டும் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரே நிலையம்தான். அதுபோல, எல்லாத் தாள்களுக்கும் பொதுவான பெயரைக் கொண்ட கம்பிகள் எங்கிருந்தாலும் ஒன்றே.

ஆனால் எல்லாப் பெயரும் பொதுப்பெயர் அல்ல. மேல் டிவிஷனில் ஒரு முனியம்மா, கீழ் டிவிஷனில் ஒரு முனியம்மா. இருவரும் ஒருவரா? செக்ரோலில் சம்பளத்தை மாற்றி எழுதினால் என்ன ஆகும்! அப்படியே, ஒரு தாளுக்கு மட்டும் உரிய பெயரும் உண்டு. அது அடுத்த தாளில் இருந்தாலும் இணைப்பு இல்லை. மூன்றாவது வகை, பெட்டியின் ஓரத்திலுள்ள வாசல் வழியாகப் போவது. உள்ளேயுள்ள பெயரும் வாசலில் எழுதிய பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாயிருக்க வேண்டும்.

கிள்ளானில் படித்த நம் பழைய மாணவர் ஒருவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. படம் பார்வைக்குச் சரியாக இருந்தது. பணம் கட்டிச் செய்துவாங்கிய பலகையிலோ ஒலி வரவில்லை. தமக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது என்று தாயாரிடம் சொல்லிவிட்டார். நாம் அவருடன் அமர்ந்து தாள் தாளாகப் பெயர்களை ஒப்பிட்டோம். குறை அறிவில் இல்லை. ஒரு பெயரின் வகையில் இருந்தது. திருத்திய மறுபலகை பாடியது.

ஆகவே, பலகைக்குப் பணம் கட்டுமுன் ஒவ்வொரு பெயரையும் தாள்தோறும் தேடிப் பார்க்கட்டும். மென்பொருளிலேயே உள்ள மின்விதிச் சோதனையையும் நடத்தட்டும். உங்கள் பிள்ளை திரையின் முன் திகைத்து நின்றால், "அந்தக் கோட்டின் பெயர் என்ன? அது எந்த வகைப் பெயர்?" என்று நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்வியே பாதி வழியைக் காட்டிவிடும்.