செதிற்கால் நத்தை

செதிற்கால் நத்தை என்பது இந்தியப் பெருங்கடலின் அடியில் உள்ள வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி மட்டுமே வாழும் ஒரு நத்தை இனமாகும். இதன் அறிவியல் பெயர் கிரைசோமல்லான் ஸ்குவாமிபெரம். தன் உடற்கவசத்தில் இரும்பு சல்பைடைக் கொண்ட விலங்காக இன்று வாழ்பவற்றுள் இது ஒன்றே அறியப்பட்டுள்ளது. 2001ஆம் ஆண்டில் மத்திய இந்திய மலைத்தொடரின் கைரேய் ஊற்றுப் பகுதியில் கண்டறியப்பட்ட இவ்வினம், 2015ஆம் ஆண்டில் முறைப்படி பெயரிடப்பட்டது.

வாழிடம்

இந்நத்தை ஏறத்தாழ 2,400 முதல் 2,900 மீட்டர் ஆழத்தில் வாழ்கிறது. அங்குச் சூரிய ஒளி எட்டாது. நீரழுத்தம் கடல் மட்டக் காற்றழுத்தத்தைப் போல் 240 மடங்குக்கும் மேல் இருக்கும். ஊற்று வாயில் வெளிவரும் நீரின் வெப்பம் 300 பாகை செல்சியசைத் தாண்டும். ஆனால் நத்தை அந்தக் கொதிநீரில் வாழ்வதில்லை. வெந்நீர் குளிர்ந்த கடல்நீருடன் கலக்கும் விளிம்பில், பாறைகளின் மீது கூட்டமாக ஒட்டி வாழ்கிறது.

உணவு

வளர்ந்த நத்தை இரை தேடி உண்பதில்லை. இதன் உணவுக்குழல் சுரப்பி மிகவும் பெருத்து, அதனுள் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனுடன் சேர்த்து எரிபொருளாக்கி, அவை கரிமப் பொருள்களை உண்டாக்குகின்றன. ஒளியின்றி வேதி ஆற்றலால் நடைபெறும் இச்செயல் வேதிச்சேர்க்கை எனப்படும். நத்தையின் உணவு இதிலிருந்தே கிடைப்பதால், அதன் குடல் சுருங்கிவிட்டது.

ஊற்றுநீரில் ஆக்சிஜன் குறைவு. நத்தைக்கும் பாக்டீரியாவுக்கும் போதிய அளவு அதைச் சேர்க்க, செவுளும் இதயமும் பெரிதாகியுள்ளன. உடல் பருமனில் இதயம் மட்டும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஆகும்.

கவசம்

ஓடு மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே இரும்பு சல்பைடு, நடுவே தடித்த கரிம அடுக்கு, உள்ளே சுண்ணாம்புப் பொருள். காலின் பக்கங்களில் கூரை ஓடுகள் போல் அடுக்கிய செதில்களும் இரும்பு சல்பைடு பூசியவை. இதிலுள்ள கிரைகைட் என்னும் கனிமத்தால் இந்நத்தை காந்தத்தில் ஒட்டும்.

இது பகைவரைத் தடுக்கும் கவசம் என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் சொலிட்டேர் ஊற்றில் வாழும் இதே இன நத்தைகளுக்கு இரும்புப் பூச்சு இல்லை. அங்குள்ள நீரில் இரும்பு மிகக் குறைவு. செதில்களின் நுண்குழல்கள் வழியே நத்தை வெளியேற்றும் கந்தகம், நீரிலுள்ள இரும்புடன் சேர்ந்து இப்பூச்சு உருவாகிறது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே நச்சாகக்கூடிய கந்தகத்தை அகற்றும் வழியாகவும் இது இருக்கலாம்.

அச்சுறுத்தல்

ஊற்றுநீர் கொண்டுவரும் கந்தகமும் உலோகங்களும் குளிர்ந்து படிந்து, செம்பு, துத்தநாகம் போன்றவற்றின் தாதுக்களாகின்றன. இவற்றை ஆராய்வதற்கான உரிமங்களைப் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் வழங்கியுள்ளது. இந்தியப் பெருங்கடலில் இந்தியாவும் 2016இல் ஒப்பந்தம் செய்துள்ளது.

2019ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்நத்தையை அருகிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்க அச்சுறுத்தலால் இவ்வாறு சேர்க்கப்பட்ட முதல் இனம் இதுவே. அப்போது அறியப்பட்டிருந்த மூன்று வாழிடங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 0.02 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 5 ஏக்கர். ஊற்றுநீரையே நம்பி உடலமைப்பை மாற்றிக்கொண்ட இந்நத்தை, அந்த ஊற்று சிதைந்தால் வேறிடத்தில் பிழைக்க இயலாது.