கொல்லைக்கு வந்த குருவி எது?

பேரையூர்ப் பக்கம் உங்கள் வீட்டுக் கொல்லையில் பேர் தெரியாத சின்னக் குருவி ஒன்று வந்தால், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெயிலிலும் நிழலிலும் நிறம் மாறித் தெரியும். சிட்டுக்குருவியைவிடச் சிறியதா, அலகும் வாலும் எப்படி, என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

கீழ்நோக்கி வளைந்த அலகோடு பூவுக்குப் பூ தாவினால் தேன்சிட்டு. குட்டையான தடித்த அலகோடு கூட்டமாகப் புல்விதை கொத்தினால் சில்லை. வாலை நிமிர்த்திக்கொண்டு செடிக்குள் துள்ளி, உடம்புக்கு மீறிய குரலில் விடாமல் கத்துகிறதா? உச்சந்தலை செம்பழுப்பாகவும் முதுகு இலைப்பச்சையாகவும் வயிறு வெளுப்பாகவும் இருந்தால் அது தையல்சிட்டு. இலை ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்து, அதற்குள் கூடு கட்டும் பறவை. முதுகு சாம்பல் நிறமாக, வால் நீளமாக இருந்தால் சாம்பல் கதிர்க்குருவி.

பார்த்ததை உடனே எழுதி வையுங்கள். குரலைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கூட்டின் அருகே மட்டும் போகாதீர்கள். தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும்.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளை இ-பேர்டு இணையதளத்தில் யாரும் பதியலாம். வரும் பொங்கலுக்கு உங்கள் கொல்லைப் பறவைகளையும் அந்தக் கணக்கில் சேருங்கள்!