எஞ்சினை நிறுத்தும் சின்னச் சுருள்: சோலினாய்டு வால்வுகள் பற்றி

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



பனியன் கம்பெனியில் கரண்ட் போனால் பவர் டேபிள், நிட்டிங் மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அப்புறம் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமும். 2012ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, திருப்பூர் ஓடியதே இந்த டீசல் எஞ்சின்களால்தான் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு பெரிய எஞ்சினை ஓடவும் நிற்கவும் வைப்பது கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பொருள். அதுதான் சோலினாய்டு. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சோலினாய்டு என்றால் என்ன?

கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது என்பதை 1820இல் ஆர்ஸ்டெட் கண்டறிந்தார். அந்தக் கம்பியையே குழாய் போல நெருக்கமாகச் சுற்றினால் காந்தசக்தி கூடுகிறது. சுருளுக்கு நடுவில் ஒரு இரும்புத் தண்டு (பிளஞ்சர்) வைத்தால், கரண்ட் கொடுத்தவுடன் அது ‘டிக்’ என்று உள்ளே இழுபடும். கரண்ட்டை நிறுத்தினால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். அந்தத் தண்டின் நுனியில் ஒரு வால்வை வைத்தால் அதுவே சோலினாய்டு வால்வு.

எஞ்சின்களில் உள்ள வகைகள்

1. ஸ்டாப் சோலினாய்டு: பழைய வகை டீசல் ஜெனரேட்டரில், பம்பின் பக்கத்தில் உள்ள லீவரை இழுப்பது இது. கண்டிப்பாகச் சொன்னால் இது வால்வு அல்ல, லீவரை இழுக்கும் கை. ஆனால் டீசலை விடுவதும் நிறுத்துவதும்தான் இதன் வேலை.

2. ரோட்டரி பம்ப் வால்வு: பம்பின் தலையிலேயே திருகி வைத்திருப்பார்கள். சாவி போட்டவுடன் டீசல் போகும் வழி திறக்கும். சாவியை எடுத்தால் வழி அடைபடும், எஞ்சின் நிற்கும்.

3. பெட்ரோல் இன்ஜெக்டர்: 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபின், பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. அந்த இன்ஜெக்டரே ஒரு சோலினாய்டு வால்வுதான். சில மில்லி செகண்டு மட்டும் திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல்.

4. காமன் ரெயில் இன்ஜெக்டர்: இங்கே டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். அதை எதிர்த்து ஊசியை நேரடியாகத் தூக்க ஒரு சின்னச் சுருளால் முடியாது. அதனால் ஊசிக்கு மேலே உள்ள சிறிய அறையின் ஓட்டையை மட்டும் சோலினாய்டு திறக்கிறது. அறையில் அழுத்தம் குறைந்தவுடன் கீழே உள்ள டீசலே ஊசியைத் தூக்கிவிடுகிறது. மதகைத் திறப்பவன் தண்ணீரைத் தள்ள வேண்டியதில்லை, தண்ணீர் தானே பாயும். அது மாதிரிதான்.

5. அளவு பார்க்கும் வால்வு: திறப்பு, மூடல் என்று இரண்டே நிலை இல்லாமல், பாதி, கால் என்றும் நிற்கும். கரண்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து இதைச் செய்கிறார்கள். காமன் ரெயில் பம்புக்குள் எவ்வளவு டீசல் போகவேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது.

இவை தவிர, பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு, சி.என்.ஜி. வண்டிகளில் கேஸை அடைக்கும் வால்வு என இன்னும் பல உள்ளன. 2023 ஜூலை 1 முதல் 800 கிலோவாட் வரையிலான புதிய ஜெனரேட்டர்களுக்கு சி.பி.சி.பி. 4 பிளஸ் என்ற கடுமையான புகை விதி வந்துவிட்டது. எனவே நம் ஊர் ஜெனரேட்டர் ரூம்களிலும் மின்னணு முறை வால்வுகள் இனி அதிகமாகும்.

ஓடுவதற்குக் கரண்ட்டா, நிற்பதற்குக் கரண்ட்டா?

ஸ்டாப் சோலினாய்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், எஞ்சின் ஓடும் வரை கரண்ட் இருக்கவேண்டும். கரண்ட் போனால் எஞ்சின் நிற்கும். மற்றொன்றில், நிறுத்தும்போது மட்டும் கரண்ட் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் பேட்டரி செலவு குறைவு. ஆனால் ஒயர் அறுந்து போயிருந்தால் ஆபத்து நேரத்தில் எஞ்சின் நிற்காது. முதல் வகையில் ஒயர் அறுந்தாலே எஞ்சின் நின்றுவிடும். ரயிலில் பிரேக் குழாய் பிய்ந்தால் பிரேக் தானே பிடிப்பது போலத்தான் இது. ஆயில் பிரஷர் குறைந்தாலும், தண்ணீர் சூடானாலும் பேனல் செய்வது ஒன்றே ஒன்றுதான்: சோலினாய்டுக்குப் போகும் கரண்ட்டை வெட்டுவது.

சுருள் ஏன் எரிகிறது?

தண்டு தூரத்தில் இருக்கும்போது இழுக்க நிறைய சக்தி வேண்டும். ஒட்டிய பிறகு பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் போதும். அதனால் பல ஸ்டாப் சோலினாய்டுகளில் இரண்டு சுருள் இருக்கும். உதாரணமாக 12 வோல்ட்டில் இழுக்கும் சுருள் 40 ஆம்பியர் எடுத்தால், அது 480 வாட். பிடிக்கும் சுருள் 1 ஆம்பியர் எடுத்தால் வெறும் 12 வாட். தண்டு முழுவதும் உள்ளே போனதும் ஒரு சின்ன சுவிட்ச் இழுக்கும் சுருளை வெட்டிவிடும். தண்டு கொஞ்சம் வெளியே நின்றாலும் அந்த சுவிட்ச் வெட்டாது. ஒரு செகண்டுக்காகச் செய்த சுருளில் 480 வாட் ஓடிக்கொண்டே இருந்தால் எரியாமல் என்ன செய்யும்?

நான் பார்த்த சம்பவம்

என் சித்தப்பா ஒரு பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். அங்கே ஒரே வருஷத்தில் இந்தச் சுருள் இரண்டு தடவை எரிந்தது. இரண்டு தடவையும் புதுசு வாங்கி மாட்டினார்கள். ஏன் எரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை எரிந்தது ராத்திரி பத்து மணிக்கு. காலையில் ஷிப்மெண்ட். “லீவரை கம்பி போட்டுக் கட்டி ஓட்டு” என்று சூப்பர்வைசர் சொன்னார். “ஏனுங்க, அப்புறம் எப்படீங்க நிறுத்தறது?” என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். “கம்பிய அறுத்தா நிக்குது” என்று பதில் வந்தது.

விடியற்காலையில் ஃபேன் பெல்ட் அறுந்தது. சூடு ஏறியது. பேனல் தன் வேலையைச் சரியாகச் செய்து கரண்ட்டை வெட்டியது. ஆனால் லீவர் கம்பியில் அல்லவா இருக்கிறது? அலாரம் கேட்டு ஓடிப்போய்க் கம்பியை அறுப்பதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஷிப்மெண்ட்டும் போகவில்லை. பெல்ட்டைப் பார்க்கவில்லை என்று சித்தப்பாவுக்கு அரை மாதச் சம்பளம் பிடித்தார்கள்.

அவர் என்னிடம், “நீ இதத்தானே படிக்கற? அது ஏன்டா மூணு தடவ எரிஞ்சுது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான், அதனால் வெட்கமாக இருந்தது. எங்கள் சாரிடம் கேட்டேன். “சுருளைப் பார்க்காதே, லீவரை இணைக்கும் ராடைப் பார்” என்றார். எஞ்சின் ரிப்பேர் ஆகி வந்தபின் போய்ப் பார்த்தோம். சாவி போட்டதும் லீவர் அதன் எல்லையில் முட்டி நின்றது. தண்டோ இன்னும் சுமார் 3 மில்லி மீட்டர் வெளியே இருந்தது. ராடு அந்த அளவுக்குக் குட்டை. 6 மில்லி மீட்டர் மரை ஒரு சுற்றுக்கு 1 மில்லி மீட்டர் நகரும் என்பது நாம் முதல் வருஷம் படித்ததே. மூன்று சுற்று நீட்டினோம். தண்டு முழுவதும் உள்ளே போனது. அரை மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தோம், வெதுவெதுப்பாக இருந்ததே தவிரச் சுடவில்லை. அதன்பின் இதுவரை எரியவில்லை.

பிடித்த சம்பளம் திரும்பி வரவில்லை. ஆனால் தப்பு தன்னுடையது இல்லை என்று சித்தப்பாவுக்குத் தெரிந்தது.

முடிவாக,

நண்பர்களே, நாளை நாம் வேலைக்குப் போகும் இடங்களில் மூன்று விஷயம் ஞாபகம் இருக்கட்டும். சாவி போட்டதும் ‘டிக்’ சத்தம் வருகிறதா, தண்டு முழுவதும் உள்ளே போகிறதா என்று பாருங்கள். சுருள் எரிந்தால் மாற்றுவதோடு நிற்காமல் காரணத்தைத் தேடுங்கள். லீவரில் மட்டும் கம்பி கட்டாதீர்கள், யார் சொன்னாலும் சரி. நமக்கு ‘முடியாதுங்க’ என்று சொல்லவும், ஏன் என்று விளக்கவும் தெரியவேண்டும். அதற்காகத்தானே வீட்டில் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்?