கடல்மேல் ஓர் இல்லறம்

கள்ளக்குறிச்சிச் சீமையிற் பிறந்தார்க்குக் கடல் என்பது பெரும்பாலும் கேள்வியால் அறிந்த பொருளே யன்றிக் கண்ணாற் கண்டு பழகிய பொருள் அன்று. மேற்கே கல்வராயன் மலை மதில்போல் நிற்கின்றது. சுற்றிலும் நெல்லும் கரும்பும் மரவள்ளியுமே காட்சி யளிக்கின்றன. ஆயினும் அம்மலையிற் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் ஒன்றுகூடி, வெள்ளாற்றிற் கலந்து, பரங்கிப்பேட்டை யருகே வங்கக் கடலைச் சேர்கின்றன. மலையின் நீரே கடலை நாடிச் செல்லும்போது, மலைநாட்டாராகிய நாம் கடல்வாழ்வைப் பற்றி அறிய விரும்புதல் இயல்பே யன்றோ? கணவனும் மனைவியும் ஒரு சிறு பாய்க்கலத்தையே இல்லமாகக் கொண்டு, வெயில் மிக்க வறண்ட தீவுகளிடையே ஓய்வாக உலாவும் வாழ்க்கை எத்தன்மையது, அதனைத் தாங்கி நிற்பவை யாவை என்பனவற்றை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

தொல்காப்பியர் கருத்து

கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் வழக்கன்று என்னும் கருத்துப்படத் தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரு விதி கூறினார். பொருள்தேடச் செல்வோன் தலைவன். இல்லிருந்து வருந்துவோள் தலைவி. இப்பிரிவே அகப்பாடல்கள் பலவற்றிற்கு உயிராய் அமைந்தது. இவ்விதி செய்யுள் மரபு பற்றியதென்றே யாம் கொள்கின்றோம். மகளிர்க்குக் கடலேறும் ஆற்றல் இல்லை என்பது அதன் பொருளாகாது. நம் காலத்தில் அவ்வாற்றலுக்குச் சான்று வேண்டின், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் பாய்க்கலத்தில், தாம் இருவராகவே உலகைச் சுற்றி வந்ததைக் கூறலாம். 2024-ம் ஆண்டு அக்டோபரிற் கோவாவினின்று புறப்பட்ட அவ்விருவரும் 2025-ம் ஆண்டு மே மாதத்தில் மீண்டனர்.

'ஸ்வாப்' என்னும் கலம்

கணவனும் மனைவியுமாகக் கடலில் உலாவினார்க்கு ஒரு சான்று, அமெரிக்கராகிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்சனும் அவர் மனைவி ஃபிளாரன்சும் ஆவர். தமிழர்க்கும் இவர்கட்கும் உள்ள தொடர்பு பின்னர் விளங்கும். ராபின்சன் 1928-ம் ஆண்டு முதல் 1931-ம் ஆண்டு வரை, முப்பத்திரண்டடி நீளமே யுள்ள ஒரு கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். அக்கலத்திற்கு அவர் இட்ட பெயர் 'ஸ்வாப்' என்பது. கனவு என்னும் பொருளில் வடமொழியினின்று எடுத்த பெயர் அது. இரண்டு பாய்மரங்கள் உடையது. பின்மரம் முன்மரத்தினும் சிறியது. பாய்கள் பலவாகப் பிரிந்து சிறியனவாய் இருத்தலின், ஓரிருவரே அவற்றை ஏற்றவும் இறக்கவும் கூடும். காற்று மிகின் ஒரு பாயைச் சுருட்டி, எஞ்சியவற்றால் கலத்தை நிலைகுலையாது செலுத்தலாம்.

1933-ம் ஆண்டில் மணம்புரிந்துகொண்ட இவ்விருவரும் அதே கலத்தில், உறவினர் ஒருவரையும் உடன்கொண்டு, பசிபிக்குப் பெருங்கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளை நோக்கிச் சென்றனர்.

வறண்ட தீவுகள்

கலாபகஸ் தீவுகள் ஈக்குவடார் நாட்டிற்கு மேற்கே ஏறத்தாழ அறுநூறு மைல் தொலைவில், நிலநடுக் கோட்டின்மேல் அமைந்தவை. நிலநடுக் கோட்டில் மழையும் அடர்ந்த காடும் இருத்தல் வேண்டுமென நாம் எண்ணுவோம். ஆனால் இத்தீவுகளின் கரையோரமோ எரிமலைக் கற்களும் கள்ளிகளும் நிறைந்த பாலையாகவே உள்ளது. காரணம் யாதெனின், தென் துருவப் பக்கத்திலிருந்து ஹம்போல்ட்டு நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொணர்கின்றது. அந்நீரின் மேலுள்ள காற்றுத் தானும் குளிர்ந்து கீழே தங்கிவிடுவதால், மேலெழுந்து மழையாக மாறுவதில்லை. மலையுச்சிகளில் மட்டும் மூடுபனி தங்கிப் பசுமை விளைக்கின்றது. ஆதலின் ஒரே தீவில் அடியிற் பாலையும் முடியிற் குறிஞ்சியும் காணலாம். 1835-ம் ஆண்டில் டார்வின் கண்டு வியந்த பேராமைகளும் கடலில் மேயும் உடும்பினங்களும் இங்கே வாழ்கின்றன.

நன்னீர் அரிதாகிய இவ்விடத்திற் கலவாழ்வு எங்ஙனம் நடைபெறும்? கலத்தில் உள்ள நீர்த்தொட்டியே கிணறு. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அளந்தே நீர் எடுத்தல் வேண்டும், குளியல் கடல்நீரிலேயாம். நங்கூரம் பாய்ச்சுமிடத்தில் அடிநிலம் மணலா பாறையா என ஆராய்தல் வேண்டும்; இரவிற் காற்றுத் திசைமாறின், நங்கூரம் இழுபட்டுக் கலம் பாறையில் மோதும். கிழிந்த பாயைத் தைத்தலும், கயிறு தேய்ந்தவிடத்தை மாற்றுதலும், கசியும் நீரை இறைத்தலும் நாடோறும் உண்டு. கரையில் நின்று காண்பார்க்கு ஓய்வென்று தோன்றுவது, கலத்தில் உள்ளார்க்கு ஓயாத விழிப்பென்பது இதனாற் பெறப்படும்.

வந்த இடர்

1934-ம் ஆண்டில், ஆளற்ற ஒரு குடாவில் கலம் நின்றபோது, ராபின்சனுக்குக் குடல்வால் அழற்சி நோய் கண்டது. மருத்துவரோ மருந்தகமோ அருகில் இல்லை. நல்வாய்ப்பாக மீன்பிடிக் கலமொன்று அங்கு வர, அதிலிருந்த கம்பியில்லாத் தந்தியால் செய்தி பறந்தது. ஏறத்தாழ ஆயிரம் மைல் கடந்து பனாமாவிலிருந்து அமெரிக்கக் கடற்படையின் நீர்வானூர்திகளும் போர்க்கப்பலும் விரைந்து வந்தன. அறுவை மருத்துவர் அவரைப் பிழைப்பித்தனர். ஒருவர் உயிரைக் காக்க ஒரு நாட்டின் கடற்படையே எழுந்து வந்தது. தனிமையை நாடிச் சென்றார்க்கும் இறுதியிற் பிறர் துணையே கைகொடுத்தது. அப்போஸ்தலனாகிய பவுலின் கப்பல் உடைந்தபோது, மெலித்தா தீவினர் தீமூட்டி அவரை வரவேற்றமை நம் நினைவிற்கு வருகின்றது.

அன்னபூரணி

பின்னர் ராபின்சன் பெரியதொரு கப்பலை நாடி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையிலே தமிழர் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வேப்ப மரத்தாற் செய்யப்பட்டு எண்பத்தொன்பது அடி நீளமுடையதாய், முன்மரத்திற் குறுக்குப் பாய்களும் பின்மரத்தில் நெடுக்குப் பாய்களும் கொண்டது அது. பின்காற்றுக்குக் குறுக்குப் பாயும், பக்கக் காற்றுக்கு நெடுக்குப் பாயும் உதவும். வேம்பின் கசப்பைப் புழுக்கள் எளிதில் நாடா. மரத்தின் இயல்பறிந்து உளியெடுக்கும் கைத்திறம் நம் ஊரார்க்கும் புதிதன்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021-ம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றன.

ராபின்சன் அக்கப்பலை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'ஃபிளாரன்ஸ் சி. ராபின்சன்' என வழங்கினார். 1937-ம் ஆண்டில் வல்வெட்டித்துறையினின்று புறப்பட்ட அது, செங்கடலும் சூயஸ் கால்வாயும் நடுநிலக் கடலும் அத்லாந்திக்குப் பெருங்கடலும் கடந்து, 1938-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. தண்டயலாகிய கனகரத்தினம் தம்பிப்பிள்ளையோடு தமிழ் மாலுமிகள் ஐவர் அதில் இருந்தனர். சோழகமும் வாடையும் கொண்டலும் கச்சானும் அறிந்து பழகிய கடலோடிகள் அவர்கள். செல்வர் ஒருவரின் ஓய்வுக்கென வாங்கிய கலம் உழைப்பாளர் ஐவரின் திறத்தால் உலகின் மறுபுறம் சென்றது. உரிமையாளர் எழுதிய நூல்கள் பல நாடுகளிற் பரவின. மாலுமிகளோ நூல் எழுதினாரல்லர். அவர்கள் புகழை வல்வெட்டித்துறை ஊரே நினைவிற் காத்து வருகின்றது.

நம் மலையும் ஒரு தீவே

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? ஓய்வு இழிவன்று, ஆறு நாள் உழைப்பின்பின் ஏழாம் நாளை ஓய்வுநாளாகத் திருமறையும் வகுத்தது. ஆனால் ஓய்வுக்கு அடியில் எவருடைய உழைப்பு உள்ளது, இடர் வந்தால் யார் வருவார் என்னும் இரண்டு வினாக்களையும் நாம் மறத்தல் ஆகாது.

கல்வராயன் மலையும் ஒருவகையிற் நிலத்தினிடையே நின்ற தீவு எனலாம். நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் தனித்துக் கிடந்த அம்மலை, 1976-ம் ஆண்டிலேதான் அவர் பிடியினின்று முற்றும் விடுபட்டது. இன்று வெள்ளிமலைக்கும் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் ஓய்வு நாடி வருவோர் பலர். அவர்கள் காணும் குளிர்ச்சியும் பசுமையும் மெய்யே. ஆனால் அம்மலையின் உட்சிற்றூரில் ஒருவர்க்கு அதே குடல்வால் நோய் கண்டால், எந்த வானூர்தி வரும்? 2024-ம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து, கல்வராயன் மலைமக்களின் சாலை, மருத்துவம் முதலிய அடிப்படைத் தேவைகளை வழக்காக எடுத்து விசாரித்தது என்பதே அவ்வினாவின் கூர்மையைக் காட்டும்.

நண்பர்காள்! பசிபிக்குப் பெருங்கடலின் ஆளற்ற குடாவிற்கு ஒரே செய்தியில் மருத்துவர் சென்றனர். மலையேறி ஓய்வு கொள்ளும் நாமும், மருத்துவம் பயில்வோர், சட்டம் பயில்வோர், ஆசிரியராகப் போவோர் எனப் பல துறையினராய்ப் பிரியும்போது, கல்வராயன் உச்சியிலுள்ள கடைசி வீட்டிற்கும் அத்தகைய துணை சென்று சேர முயல்வோமாக. காண வருவோர்க்கும் அங்கு வாழ்வோர்க்கும் ஒருங்கே அமைதி தருவதாக அம்மலை விளங்குதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.