ஞானப்பிரகாசர் என்னும் திருப்பெயர் உடையார்



மாசிமகத் திருநாளில் நாம் தீர்த்தமாட வந்திருக்கும் இக்கிள்ளைக் கடற்றுறை, தில்லையைச் சார்ந்த பத்துத் தீர்த்தங்களுள் ஒன்றாகிய குய்ய தீர்த்தம் ஆகும். பாசமறுத்தான் துறை என்பதும் இதன் பெயர். காரணத்தை அறிவீர்கள். இருள் செறிந்த ஓர் இரவில் எதிர்ப்பட்டவரைப் பகைவர் என எண்ணி வருணன் தன் பாசத்தை எறிந்தான். மாண்டவரோ அவனுடைய குரு. அப்பழியால் கழுத்தும் காலும் பிணிக்கப்பட்டு நெடுங்காலம் கடலுள் கிடந்தவனுக்கு, மாசிமகத்தன்று இறைவன் வெளிப்பட்டுக் கட்டறுத்து அருளினான் என்பது தலவரலாறு.

வருணன் செய்தது வஞ்சத்தால் அன்று; ஆளறியாமையால். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் ஆளறிதல் பற்றியதே.

தில்லை நகரில் ஞானப்பிரகாசர் குளம் என்றொரு குளம் உளது. கூத்தப்பெருமானைத் தரிசிக்கச் செல்லும் அடியவர் பலர்க்கும் அது தெரிந்ததே. அந்த ஞானப்பிரகாசர் யாவர் என வினவினால், சற்றே நூற்பழக்கம் உடையவர்கள், ‘தருமபுர ஆதீன முதற்குருவுக்கு உபதேசம் செய்தவர்’ என்று தயங்காமல் விடை கூறுவார்கள். ஒரு குருபூசை அழைப்பிதழிலேயே அவ்வாறு அச்சிட்டிருக்கக் கண்டோம். அது பொருந்தாது. இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டும் ஒரு கடலும் கிடக்கின்றன.

முன்னவர் கமலை ஞானப்பிரகாசர். கமலை என்பது திருவாரூர். 16ஆம் நூற்றாண்டில் அத்தலத்தில் வாழ்ந்த ஞானாசிரியர். பூசைக்குரிய மலர்களைப் பற்றிக் கூறும் புட்பவிதி என்னும் நூலை இயற்றியவர். சீவில்லிபுத்தூரில் பிறந்து, மதுரைப் பொற்றாமரையில் சொக்கலிங்க மூர்த்தியைப் பெற்று, குருவைத் தேடி ஆரூர் வந்தடைந்த குருஞானசம்பந்தர் இவரிடமே உபதேசம் பெற்றார். அர்த்தயாம வழிபாடு முடிந்து இல்லம் திரும்பிய ஆசிரியருக்கு முன்னே கைவிளக்கு ஏந்திச் சென்ற மாணவர், ‘நிற்க’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு, இரவெல்லாம் மழையில் விளக்கோடு வாயிலில் நின்றார் என்னும் வரலாற்றைக் கேட்டு உருகாதார் யார்? அம்மாணவரே பின்னர்த் தருமபுரத்தில் ஆதீனம் நிறுவினார்.

தில்லைக் குளத்துக்கு உரியவர் வேறொருவர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தோன்றியவர். நெல்வேலி என்பதை வடமொழியாக்கிச் சாலிவாடி என்பர். ஆதலின் இவரைச் சாலிவாடி ஞானப்பிரகாசர் என்று கூறுவதும் உண்டு. பொருநைக்கரைத் திருநெல்வேலியை நினைத்துக்கொண்டு இவரைப் பாண்டிநாட்டார் ஆக்கியோரும் உளர். ஆட்பெயர் ஒன்றாயிருப்பது போதாதென்று ஊர்ப்பெயரும் ஒன்றாய் அமைந்துவிட்டது!

1619இல் யாழ்ப்பாணம் முழுவதும் பறங்கியர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றும்வரை அவர்கள் ஆட்சியே நடந்தது. அதிகாரியின் உணவின் பொருட்டு வீட்டுக்கு ஒன்றாக முறைவைத்துப் பசு கொடுக்கவேண்டும் என்று கட்டளை பிறந்ததாகவும், தம் வீட்டு முறை வருவதற்கு முந்திய இரவிலேயே இவர் ஊரை நீத்துக் கடல் கடந்ததாகவும் யாழ்ப்பாணத்துச் சைவர் வழிவழியாகக் கூறிவருகின்றனர். எதிர்த்தால் உயிர் போகும். இணங்கினால் சைவம் போகும். வீடும் நிலமும் உற்றாரும் போகட்டும் என்று துணிந்தார். அவர் கடந்த கடல், அன்பர்களே, நீங்கள் இப்பொழுது நீராடி எழுந்த இக்கடலே. பறங்கியருக்கு அஞ்சி வந்தவர் ஒதுங்கிய தில்லைக்கு அணித்தே, வெள்ளாற்றின் வடகரையில், பறங்கியர் பெயராலேயே ஒரு பேட்டை இருப்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தில்லைக்கு வந்த பின் வடமொழி கற்க விரும்பிக் கௌட தேசம் சென்றார். அங்கே ஆசிரியர் மாணாக்கர்க்குப் பாடம் சொல்லும்போது அயலில் நின்று கேட்டுவந்தார். ஒருநாள் ஆசிரியர் அழைத்து வினவ, கேட்டவற்றை எல்லாம் பிழையின்றி ஒப்பித்தார் என்பர். பின் திருவண்ணாமலை ஆதீனத்தில் துறவு பெற்று, மீண்டும் தில்லை சேர்ந்து, மடம் அமைத்துக் குளமும் தோண்டினார். பௌஷ்கராகமத்துக்கும் சிவஞானபோதத்துக்கும் வடமொழியில் விருத்தி எழுதினார்; சித்தாந்த சிகாமணி, பிரமாண தீபிகை முதலிய நூல்களும் செய்தார். அகதியாய் வந்த ஒருவர் இத்துணை ஈட்டினார்.

இவர் தமிழில் எழுதியது சிவஞானசித்தியார் சுபக்கத்துக்கு உரை. சுபக்கத்துக்கு அமைந்த அறுவர் உரையுள் இவருரையும் ஒன்று. பெயர் மயக்கத்தால் உண்டாகும் கேடு இவ்விடத்தில்தான் புலனாகும். இவ்வுரை சிவசமவாதம் சார்ந்தது. முத்தியில் ஆன்மா சிவத்தோடு சமமாகும் என்பது அவ்வாதத்தின் கருத்து. நம் சித்தாந்தமோ, பாசம் நீங்கிய உயிர் சிவானந்தத்தை நுகருமேயன்றி இறைவனுக்கே உரிய ஐந்தொழிலைச் செய்யும் உரிமை அதற்கு இல்லை எனக் கூறும். ஆதலின் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர் ‘சிவசமவாத உரை மறுப்பு’ என்றே பெயரிட்டு ஒரு நூல் எழுதி இவ்வுரையை மறுத்தார். அம்முனிவர் இறைவனடி சேர்ந்தது 1785இல்.

இம்மறுப்பை மேலோட்டமாகப் படித்தவர், ‘ஞானப்பிரகாசர் கொள்கை தவறு’ என்று கூறினால், கேட்பவர் மனத்தில் எழுபவர் யார்? திருவாரூர்க் குரு. தருமபுரத்தார் சமவாதத்திலிருந்து கிளைத்தவரோ என்ற ஐயம் உடனே வரும். எறிந்தவர் ஒன்று நினைக்க, பாசம் குருவின்மேல் விழுகிறது. மற்றொரு புறம், ‘மறுக்கப்பட்டவர்தாமே’ என்று யாழ்ப்பாணத்து முனிவரையே புறக்கணிப்பதும் நன்றன்று. உரையில் அவர் கொண்ட கொள்கையோடு நாம் உடன்படோம். ஆயினும் பசுவுக்காக நாடு துறந்தவரை வணங்காதிருக்க நம்மால் இயலாது. அவர் தோன்றிய மரபிலே வந்தவர் என்று யாழ்ப்பாணத்தார் போற்றும் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1864இல் தில்லையிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

கச்சிக் கலம்பகம் பாடிய ஞானப்பிரகாசர் காஞ்சிபுரத்தவர். அங்குள்ள தொண்டைமண்டல ஆதீனத்து மடத்துக்கும் ஞானப்பிரகாசர் மடம் என்றே பெயர். அதன் தலைவர்கள் ஞானப்பிரகாசர் என்னும் பெயரைத் தாங்கி வருவது மரபு. தீட்சை பெறுவோர் குருமரபின் பெயரையே மீண்டும் பூணுதல் நம்மிடத்துத் தொன்றுதொட்டு வரும் வழக்கமாதலின், இப்பெயர் பெருகியதில் வியப்பில்லை.

இவர்கள் எல்லாருக்கும் புறம்பாக மற்றொருவர் உளர். நூலகங்களில் எச்சரிக்கை வேண்டுவது இவர் பொருட்டே. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் என்பார் 1875இல் மானிப்பாயில் சைவக் குடியில் வைத்திலிங்கம் என்னும் பெயரோடு பிறந்து, பின் கத்தோலிக்கத் துறவியானவர், 1947இல் மறைந்தார். யாழ்ப்பாண வைபவ விமர்சனமும் தமிழ்ச் சொற்பிறப்பு அகராதியும் அவர் உழைப்பின் பயன். பன்மொழிப் புலவர், அவர் புலமையை மதிக்கிறோம். கத்தோலிக்கர் அலோசியஸ் என்னும் தம் புனிதர் பெயரை ஞானப்பிரகாசியார் எனத் தமிழாக்கி வழங்குவர். ஆகவே பெயர் மட்டும் கண்டு அவரைச் சித்தாந்த ஆசிரியர் வரிசையில் சேர்த்தல் அவருக்கும் பொருந்தாது, நமக்கும் பொருந்தாது.

இனி இப்பெயரை எங்குக் காணினும் ஊர் யாது, குரு யாவர், நூல் எது என்று மூன்றையும் கேளுங்கள். தீர்த்தமாடித் தில்லை வழியே திரும்புவோர் அக்குளக்கரையில் சற்று நின்று, இதனைத் தோண்டியவர் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்தத் திருநெல்வேலி என்று அவர்கள் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுங்கள்.