மாநகரும் அண்டை நகரங்களும்



தோட்டத்து லயத்தை எடுத்துக்கொள்வோம். பத்து வீடுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லா வீட்டுக்கும் ஒரே சாக்கடை. மேட்டில் இருக்கும் முதல் வீட்டார் குப்பையைச் சாக்கடையில் தள்ளிவிட்டால், அது அவர்கள் வாசலில் நிற்காது. பள்ளத்தில் இருக்கும் கடைசி வீட்டு வாசலில்தான் போய்த் தேங்கும். கடைசி வீட்டார் நாள்தோறும் பெருக்கினாலும் பயனில்லை. பத்து வீட்டாரும் கூடிப் பேசி ஒரு முறை வகுத்தால்தான் சாக்கடை சுத்தமாகும்.

ஒரு மாநகருக்கும் அதைச் சுற்றியுள்ள நகரங்களுக்கும் உள்ள உறவும் இப்படிப்பட்டதே. நம் கிள்ளான் பள்ளத்தாக்கை வைத்து இதனை இன்று விளக்குவோம்.

கோலாலம்பூர் ஒரு காலத்தில் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராக இருந்தது. 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, ஏறக்குறைய 243 சதுர கிலோமீட்டர் நிலம் தனியே பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அதனைச் சுற்றி அம்பாங் ஜெயா, செலாயாங், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, காஜாங் ஆகிய ஊர்களும், சற்றுத் தள்ளி ஷா ஆலமும் கிள்ளானும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம் உண்டு.

நம் அரசியலமைப்பின்படி ஊராட்சி என்பது மாநில அரசின் பொறுப்பு. கூட்டரசுப் பிரதேசத்தில் மட்டும் அது கூட்டரசின் பொறுப்பு. ஆகவே கோலாலம்பூர் மாநகர் மன்றம் ஓர் அரசுக்குக் கட்டுப்பட்டது. பக்கத்து மன்றங்கள் வேறோர் அரசுக்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வொரு மன்றமும் தன் எல்லைக்குள் மதிப்பீட்டு வரி வாங்கி, தன் எல்லைக்குள் செலவு செய்கிறது.

மக்களின் வாழ்க்கையோ எல்லைக்குள் அடங்குவதில்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல பூச்சோங், கிள்ளான், ரவாங் போன்ற இடங்களில் குடியேறின. வீடு ஒரு மன்றத்தின் எல்லையில், வேலை இன்னொரு மன்றத்தின் எல்லையில். பெரிய கட்டடங்களின் வரி மாநகருக்குப் போகிறது. அங்கே வேலை செய்வோரின் தாமான்களில் குப்பை அள்ளும் செலவு அண்டை நகரத்தைச் சேர்கிறது. மன்றங்கள் ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம்.

ஒத்துழைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ரவாங் அருகே சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கழிவு கலந்தது. அந்த நீர் சிலாங்கூர் ஆற்றில் சேருகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் நான்கு மூடப்பட்டன. கோலாலம்பூரிலும் பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக் முதலிய மாவட்டங்களிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. ஒரு நகராண்மைக் கழக எல்லைக்குள் நடந்த தவற்றுக்காகப் பல ஊர்த் தாய்மார்கள் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். மாநகரின் குடிநீரில் பெரும்பகுதி மாநகருக்கு வெளியிலிருந்தே வருகிறது என்பதை அன்று எல்லோரும் உணர்ந்தார்கள்.

கிள்ளான் ஆறும் அப்படித்தான். கோலாலம்பூருக்கு வடகிழக்கே மலையில் பிறந்து, மாநகரைக் கடந்து, பூச்சோங், ஷா ஆலம் பகுதிகளைத் தொட்டு, கிள்ளான் வழியாகக் கடலில் சேருகிறது. மேலே போடும் குப்பை கீழே வந்து சேரும். மேலே சிமெந்து பூசிய நிலம் பெருகினால் மழைநீர் மண்ணில் ஊறாமல் விரைந்து ஆற்றில் இறங்கும்; கீழே இருப்பவர்களுக்கு வெள்ளம்.

இனி, குப்பை. மாநகரின் குப்பை லாரிகளில் உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பை நிலத்துக்குப் போகிறது. நெரிசல் மிகுந்த மாநகரில் அவ்வளவு இடம் கிடையாது. இது ஒரு வகை ஒத்துழைப்பு. ஆனால் ஒத்துழைப்பு என்றால் இரு பக்கமும் நியாயம் வேண்டும். குப்பையைப் பெறும் ஊருக்குத் தக்க கட்டணம் கிடைக்க வேண்டும். குப்பையிலிருந்து வடியும் கழிவுநீர் ஆற்றில் கலவாதபடி சுத்திகரிக்கப்பட வேண்டும். அருகில் வாழ்வோரில் தோட்ட மக்களும் இருப்பார்கள் அல்லவா?

மன்றங்கள் எப்படி ஒத்துழைக்கலாம்? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஒரு வேலைக்கு ஒரே அமைப்பு. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்கும் ஒரே நிறுவனம் குடிநீர் வழங்குகிறது. 1995-இல் தொடங்கிய கொமுட்டர் ரயிலும் எல்லை பாராமல் ஓடுகிறது.

இரண்டாவது, ஒப்பந்தம். குப்பை நிலம், எல்லைச் சாலை, பாலம் ஆகியவற்றுக்கு யார் எவ்வளவு செலவு ஏற்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது.

மூன்றாவது, ஒரே மேசையில் அமர்ந்து பேசுவது. 1960-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 95A விதியின்படி தேசிய ஊராட்சி மன்றம் ஒன்று அமைந்தது. கூட்டரசும் மாநிலங்களும் அதில் அமர்ந்து ஊராட்சிக் கொள்கையை வகுக்கின்றன.

நேயர்களே, இதில் நமக்கும் வேலை உண்டு. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. நாம் ஓட்டுப் போட்டு மன்ற உறுப்பினரை மாற்ற முடியாது. ஆகவே நாம் எழுதிக் கொடுக்கும் புகார்தான் நம் குரல்.

தோட்டம் தனியார் நிலம் ஆதலால், உள்ளே இருக்கும் சாக்கடைக்கும் குப்பைக்கும் பெரும்பாலும் நிர்வாகமே பொறுப்பு. தாமானில் குடியிருப்போர் மதிப்பீட்டு வரிச் சீட்டில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் எண்ணெயோ நாற்றமோ கண்டால், தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்து, உங்கள் மன்றத்துக்கும் மேல்பக்கத்து மன்றத்துக்கும் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் எழுதுங்கள். நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். "இது எங்கள் எல்லை அல்ல" என்று ஒருவர் கைகழுவினால், மற்றவருக்கு எழுதியதைக் காட்டலாம்.

எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு அது தெரியாது. அதைத் தெரிந்து நடக்க வேண்டியவர்கள் மனிதர்கள்தாம்.